காட்டோர ஏரியில் இரண்டு இரவு: சேத்துமடை சாவடியிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் "குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கணும்" என்ற ஆசை வந்தால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துக் காட்டு ஏரிகள் எல்லாமே அணைத் தேக்கங்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், சோலையாறு, ஆழியாறு, அமராவதி, பில்லூர், பவானிசாகர் என எதை எடுத்தாலும் அணை பொதுப்பணித்துறை, நீர்வளத்துறை, மின்வாரியம் என்று யாரோ ஒருவர் கையில் இருக்கும். சுற்றியுள்ள காடு வனத்துறை கையில் இருக்கும். பெரும்பாலும் அது புலிகள் காப்பகம், இல்லாவிட்டால் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும் வனவுயிரின, வனச் சட்டங்களின்படி குற்றம். அழகான கரையைப் பார்த்ததும் வண்டியை ஓரம்கட்டி டென்ட் விரிப்பது இங்கே நடக்காது. 2018 மார்ச் 11-இல் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன.

மீதி இருப்பது இரண்டு வழி. ஒன்று, வனத்துறையே நடத்தும் தங்குமிடம். மற்றது, காட்டின் விளிம்பில் இருக்கும் தனியார் தோப்பு அல்லது எஸ்டேட். இரண்டுக்கும் தயாராகும் விதமே வேறு. முதல் வழியில் டென்டையும் அடுப்பையும் வீட்டிலேயே விட்டுவிடலாம். நேரத்தைத்தான் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். இரண்டாவது வழியில் நேரம் உங்கள் கையில் இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு பரம்பிக்குளம். அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக நம் பக்கமிருந்துதான். தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம் என்பதால் டாப்ஸ்லிப் என்று பெயர் என்பார்கள். அதைத் தாண்டியதும் கேரள எல்லை, ஆனப்பாடி சாவடி. அங்கே கூடாரக் குடில், தூணக்கடவில் மரவீடு, தேக்கத்துக்கு நடுவே வீட்டிக்குன்னு தீவில் தங்குமிடம் என்று பல வகை உண்டு. எல்லாம் முன்பதிவுதான், உணவும் வழிகாட்டியும் சேர்ந்த தொகுப்பாகவே வரும். கூடாரக் குடில் குழந்தைகளுக்கு டென்ட் அனுபவத்தைக் கொடுத்துவிடும். பாம்பு, பன்றி, மழை மூன்றையும் சமாளிக்கும் வேலை உங்களுக்கு இருக்காது. ஒரு நாள் மட்டும் போதும் என்றால் காரமடை வழியாகப் பில்லூர் தேக்கத்தின் பரளிக்காடு. பழங்குடி மக்களின் பங்கோடு வனத்துறை நடத்தும் பரிசல் சவாரியும் மதியச் சாப்பாடும் அங்கே உண்டு. அதுவும் முன்பதிவில்தான்.

நாளேட்டில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள்

எந்த மாதம் போவது என்பதற்கு எல்லாரும் வானிலையைப் பார்ப்பார்கள். நம் ஏரிகளுக்கு அது பாதிதான் உதவும். நாளேட்டில் தினமும் வரும் அணை நீர்மட்டப் பட்டியலைப் பார்ப்பது அதைவிட நல்லது. சோலையாறு 160 அடி, பரம்பிக்குளம் 72 அடி, ஆழியாறு 120 அடி, திருமூர்த்தி 60 அடி, அமராவதி 90 அடி: இவை முழு அளவுகள். பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் நீராற்றுத் தண்ணீர் சோலையாற்றுக்கும், அங்கிருந்து பரம்பிக்குளத்துக்கும், பிறகு சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கும் போகிறது. அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. அதனால் சோலையாறு 160-ஐத் தொட்டது, சேடல் என்னும் உபரிநீர்ப் பாதையில் தண்ணீர் போகிறது என்று செய்தி வந்தால் அடுத்து நிறையப்போவது பரம்பிக்குளம். மண்டலப் பாசனத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு அதே தேக்கம் இறங்கிக்கொண்டே வரும்.

இறங்கினால் என்ன ஆகும்? காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த சேற்றுப் பரப்பு ஒன்று விரியும். படம் எடுக்க அவ்வளவு அழகாக இராது. யானையும் காட்டுமாடும் மானும் வெட்டவெளியில் தண்ணீர் குடிக்க வருவதைத் தொலைவிலிருந்து பார்க்க வசதியான காலம் ஆனால் அதுதான். விலங்கு பார்க்க வேண்டுமென்றால் மாசி, பங்குனி. நீர்ப்பரப்பும் பச்சையும் வேண்டுமென்றால் புரட்டாசி தொடங்கித் தை வரைக்கும். கோடையில் ஒரு சிக்கல் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம் என்பதால் வனத்துறை எப்போது வேண்டுமானாலும் சுற்றுலாவை நிறுத்தும். ரத்தானால் பணம் திரும்ப வருமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும் முன்பே படித்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால் காலாண்டு விடுமுறையில் தேக்கம் நிறைந்திருக்கும், அட்டையும் நிறைந்திருக்கும். அரையாண்டு விடுமுறை எல்லா வகையிலும் சரியான காலம். ஆனால் அதே யோசனை மற்ற எல்லாருக்கும் வரும். பொங்கல் நாலு நாளும் ஆழியாறு, வால்பாறை ரோடு என்னவாகும் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் முடிந்த மறுவாரம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போவதே புத்திசாலித்தனம். பனி இருக்கும், கூட்டம் இருக்காது, தேக்கு இன்னும் முழுதாக இலை உதிர்த்திருக்காது.

பின்னோக்கிக் கணக்கு

புலிகள் காப்பகத்துச் சாலையில் பொழுது சாய்ந்த பிறகு வண்டி விடமாட்டார்கள். இந்த ஒரு விதியிலிருந்துதான் முழுப் பயணத்தையும் பின்னோக்கிப் போட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சமவெளியில் சூரியன் ஆறு மணிவாக்கில் மறையும். மலைக்கு நடுவே இருக்கும் தேக்கத்தில் மேற்கு மலைமுகடு வெயிலை அரை மணி, முக்கால் மணி முன்பே மறைத்துவிடும். ஐந்தேகாலுக்கே இருட்டும் உணர்வு வந்துவிடும். தீவில் தங்குவதாக இருந்தால் தண்ணீரைக் கடப்பதும் பகலிலேயே நடந்தாக வேண்டும்.

ஆக, பகல் பன்னிரண்டு மணிக்கு ஆனப்பாடி என்று இலக்கு வையுங்கள். சேத்துமடையில் தமிழ்நாட்டுச் சாவடி, அதன்பின் கேரளச் சாவடி. இரண்டிலும் தனித்தனிக் கட்டணம், தனித்தனிப் பதிவு. கூட்டநாளில் சேத்துமடையில் மட்டுமே முக்கால் மணி போகும். அங்கே பத்தரைக்குள் நிற்க வேண்டுமானால் பொள்ளாச்சியை ஒன்பதரைக்கு விட வேண்டும். பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்பி, பணமும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனபின் சிக்னல் இல்லாமல் போனால் ஜிபே உதவாது. ஈரோட்டிலிருந்து வருகிறவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பி, வழியில் இட்லிக்கு அரை மணி ஒதுக்கினால் சரியாக இருக்கும். "ஏழு மணிக்குக் கிளம்பிக்கலாமுங்க, அவசரம் என்ன" என்று சொல்லும் மாமாவும் வண்டியில் இருப்பார். அவருக்காகத்தான் எல்லாரிடமும் ஐந்தரை என்று சொல்லிவைப்பது.

சாவடியில் வண்டியைச் சோதிப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், தெர்மாகோல் தட்டு எல்லாம் அங்கேயே நின்றுவிடும். மதுவுக்கும் இடமில்லை. வீட்டு நாயைக் கூட்டிப்போக முடியாது. அதை யாரிடம் விட்டுவருவது என்பதையும் பதிவு செய்யும் முன்பே முடிவு பண்ணுங்கள். பெரியவர்கள் எல்லாரின் அடையாள அட்டையையும் ஒரு உறையில் போட்டு முன்சீட்டில் வையுங்கள். டிக்கியில் அடியில் இருக்கும் பையில் அம்முச்சியின் ஆதார் மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்கும் இருபது வண்டியும் ஹாரன் அடிக்கும்.

வால்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும்; இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி இறங்குவதற்குள் கருகல் வாடை வரும். வந்துவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து அரை மணி நிறுத்துங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வாந்தி வரும் பிள்ளைக்கு வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, நிறையவும் கூடாது. இரண்டு இட்லி, அதுவும் ஏறத் தொடங்குவதற்கு ஒரு மணி முன்னால்.

தோப்பில் டென்ட் போடுவது

இனி இரண்டாவது வழி. ஆனைமலை, சேத்துமடை, ஆழியாறு அடிவாரத்தில் காட்டை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் டென்ட் போட இடம் தருகிறார்கள். சொந்தக்காரர் தோட்டமாகவும் இருக்கலாம். சாளையில் (தோட்டத்து வீட்டில்) சமையல், பக்கத்தில் கிணறு, தொலைவில் மலை. பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டென்டை எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தப்புச் செய்கிறார்கள்.

தென்னைக்கு அடியில் போடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். "இரண்டு மரத்துக்கு நடுவே போட்டுக்கலாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தோப்பில் மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி. நாலு மரத்துக்கு மையத்தில் நின்றால் ஒவ்வொரு மரமும் பதினேழு, பதினெட்டு அடி தூரம். ஒரு மட்டையின் நீளமே பதினைந்து அடிக்குக் குறையாது. காற்றில் விழும்போது நேர்கீழே விழாமல் சறுக்கிக்கொண்டு வரும். ஆக, மையத்திலும் பத்திரம் இல்லை. மரம் பட்டுப்போய்க் காலியான இடம் இருந்தால் அது சரி. அதைவிட நல்ல இடம், கொப்பரை காயவைக்கும் களம். மேலே வெறும் வானம், சமதளம், தண்ணீர் தேங்காது. டார்ச் அடித்தால் தேளோ பாம்போ பளிச்சென்று தெரியும். மட்டைக் குவியலும் தேங்காய்த் தொட்டிக் குவியலும் களத்தின் ஓரத்தில்தான் கிடக்கும். அதிலிருந்து இருபது அடியாவது தள்ளிப் போடுங்கள், எலியும் எலியைத் தேடி வரும் கண்ணாடிவிரியனும் இருக்கும் இடம் அது. பகல் வெயிலைக் களம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் மார்கழி இரவுக்கு இதமாக இருக்கும். சித்திரையில் அதே களம் தோசைக்கல்.

களத்தில் முளை அடிக்க முடியாது. அதனால் கம்பிகளின் வளைவிலேயே தானாக நிற்கும் குவிமாட வகை டென்ட் வேண்டும். நாலு மூலையிலும் ஒவ்வொரு ஹாலோ பிளாக் வைத்துக் கட்டுங்கள். கயிறு கல்லில் உரசி அறுந்துவிடாமல் இருக்கக் கல்லுக்கு ஒரு கோணிச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். ஹாலோ பிளாக் இல்லையென்றால் மணல் நிரப்பிய அரிசிப் பை, ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ.

மண்ணில்தான் போடுவது என்று ஆகிவிட்டால் தோட்டக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சொட்டுநீர்க் குழாய் எங்கெங்கே போகிறது? முளையை அடித்துக் குழாயைப் பொத்தலாக்கிவிட்டு அடுத்த நாள் பிளம்பருக்குப் பணம் கொடுப்பது அடிக்கடி நடக்கிற காரியம். மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டரா? மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கி, ஒரு மணிக்கு உங்கள் படுக்கை வட்டப்பாத்திக்கு நடுவே மிதக்கும். அன்று இரவுக்கு ஸ்டார்ட்டரை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, சோலார் வேலி எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போடுவீர்கள்? முறையான சோலார் வேலி ஒரு உதறு உதறி விட்டுவிடும். மெயின் லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்திருந்தால் அது ஆளையே கொல்லும், சட்டப்படியும் குற்றம். பக்கத்துத் தோட்டத்திலும் அப்படி இல்லை என்று உறுதியான பதில் வராத இடத்தில் குழந்தைகளோடு தங்க வேண்டாம். காட்டோரத்தில் யானைக்காக வெட்டிய அகழி இருந்தால் பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். புல் மூடிக்கிடக்கும், ஆள் ஆழம் இருக்கும்.

டென்ட் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரு ஆளுக்கு இரண்டடி அகலம் என்று வைத்துத்தான் நாலு பேர் டென்ட் என்கிறார்கள். பையும் புரண்டு படுக்கும் பிள்ளையும் அந்தக் கணக்கில் இல்லை. நாலு பேருக்கு ஆறு பேர் டென்ட் சரி. மேல்விரிப்புக்கு நீர்தாங்கும் அளவு 2000 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, தரைக்கு 3000 இருந்தால் நல்லது. மேல்விரிப்பு பாதி டென்டை மட்டும் மூடும் மலிவு வகைகள் மார்கழிப் பனிக்கே நனைந்துவிடும். தையலின் உள்பக்கம் ஒட்டுப்பட்டை இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள், மழை உள்ளே வருவது துணியால் அல்ல, தையலால்.

தரைக்கு அடியில் தார்ப்பாய் விரிக்கும்போது நடக்கும் தப்பு ஒன்று. "பெரிசா விரிச்சா நல்லது" என்று டென்டுக்கு வெளியே ஒரு சாண் நீட்டி விரிப்பார்கள். டென்ட் மேல் விழும் மழை முழுவதும் அந்த நீட்டலில் இறங்கி, தார்ப்பாய்க்கும் டென்டுக்கும் நடுவே குளமாக நிற்கும். தார்ப்பாய் டென்டைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் சின்னதாக, உள்ளடங்கி இருக்க வேண்டும். பெரிசாக இருந்தால் மடித்து உள்ளே தள்ளுங்கள்.

காற்று விஷயத்தில் பாலக்காட்டுக் கணவாயை நினைவில் வையுங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். அம்மி பறக்கும் என்று சொல்லும் ஆடியில் டென்ட் எம்மாத்திரம். அந்த மாதங்களை விட்டுவிடுவதே நல்லது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து அடிக்கும். கதவைக் காற்றுக்கு எதிராக வைத்தால் ஜிப்பைத் திறந்ததும் டென்ட் பாராசூட் ஆகும். மெல்லிய ஃபைபர் கம்பி அதில்தான் முறியும். விரலளவு உள்விட்டம் உள்ள ஒரு சாண் இரும்புக் குழாய், ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்: முறிந்த இடத்துக்கு மேல் குழாயை நுழைத்துச் சுற்றினால் இரவைத் தள்ளிவிடலாம்.

குளிருக்குப் பயந்து காற்று ஜன்னலை எல்லாம் மூடாதீர்கள். நாலு பேர் மூச்சில் போகும் ஈரமே விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும். மூடிய டென்டில் அது துணியின் உள்பக்கம் நீராகப் படிந்து சொட்டும், "டென்ட் ஒழுகுது" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். எதிரெதிர் ஜன்னல் இரண்டில் நாலு விரல் திறந்திருக்கட்டும். குளிர் கீழிருந்துதான் ஏறும். பத்து மில்லிமீட்டர் நுரைப்பாய், அதன்மேல் பவானி ஜமக்காளம், போர்த்திக்கொள்ளச் சென்னிமலைப் போர்வை ஆளுக்கு இரண்டு. அடிவாரத் தோப்புக்கு இது தாராளம். வால்பாறை மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரம். அங்கே ஸ்வெட்டரும் காதுக்குத் துணியும் வேண்டும்.

இதை எல்லாம் முதல்முறை செய்து பார்க்கும் இடம் தோப்பாக இருக்கக்கூடாது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் மொட்டைமாடியில் டென்டை நிறுத்தி, ஹோஸ் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே கையால் தடவிப் பாருங்கள். அன்றிரவே பிள்ளைகளை அதில் படுக்கவையுங்கள். காட்டோரத்தில் நடுராத்திரி "வீட்டுக்குப் போலாம்" என்ற அழுகை வராது. வருவதாக இருந்தால் மாடியிலேயே வந்துவிடும்.

சாப்பாடு

முதல் நாள் மதியத்துக்குச் சமைக்கவே வேண்டாம். கட்டுச்சோறு போதும். புளிச்சோறு, எள்ளுச்சாதம், அதோடு தயிர்ச்சாதம். தயிர்ச்சாதத்தை விடிகாலையில் முழுக்கத் தயிர் போட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் புளிக்கும். வெதுவெதுப்பான சோற்றில் பால் ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்து வைத்தால் போய்ச் சேரும்போது சரியாக உறைந்திருக்கும்.

இரவுக்கு அரிசியும்பருப்புச் சாதத்தை மிஞ்சிய முகாம் சமையல் எதுவும் இல்லை. ஒரே குக்கர், ஒரே தடவை. நாலு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. வீட்டிலேயே கலந்து துணிப்பையில் கட்டிக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் இருபதும் பூண்டு எட்டுப் பல்லும் உரித்து ஒரு டப்பாவில். மிளகு, சீரகம், மஞ்சள்தூள், வரமிளகாய், கறிவேப்பிலை இன்னொரு டப்பாவில். அரிசி பருப்பை இருபது நிமிடம் ஊறவைத்தால் கேஸ் மிச்சமாகும். தாளித்து வதக்கி, ஆறு டம்ளர் தண்ணீர், மூன்று விசில். ஊற்றிக்கொள்ள நெய். குக்கரை விட்டுவிட்டு வெறும் பாத்திரத்தோடு வால்பாறைக்குப் போகாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்றாறு டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கைக்கடக்கமான கேஸ் அடுப்புக்கு 230 கிராம் டப்பா ஒன்று முழுத்தீயில் ஒன்றரை மணி நேரம் வரும். ஒரு வேளைச் சமையலும் டீயும் முக்கால் மணி என்றால் ஒரு டப்பாவுக்கு இரண்டு வேளை. இரண்டு இரவுக்கு மூன்று டப்பா, கைவசம் ஒன்று கூடுதல். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுப் போகக்கூடாது. மழை பெய்தாலும் அடுப்பை டென்டுக்குள் ஏற்றக்கூடாது, கரி அடுப்பையும் குளிருக்காக உள்ளே வைக்கக்கூடாது. துணி பற்றுவது ஒரு பக்கம். வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

குடிதண்ணீர் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர், பிள்ளைகளுக்கு இரண்டு. நாலு பேர், இரண்டு நாள்: குழாய் வைத்த இருபது லிட்டர் கேன் ஒன்று கணக்காகச் சரியாக வரும். சமையலுக்கும் கைகழுவவும் இன்னொன்று.

மீந்ததை டென்டுக்குள் வைக்கவே கூடாது. பிஸ்கட் துண்டுகூட. எறும்பும் எலியும் வரும், பின்னாலேயே மற்றவை. வாழைப்பழம், பலாப்பழம், வெல்லம், உப்பு, அரிசி இவற்றின் வாடை யானையை இழுக்கும். வால்பாறையில் யானைகள் ரேஷன் கடைச் சுவரை உடைப்பது அரிசிக்காகத்தான். சாப்பாட்டு மூட்டை முழுவதும் இரவு சாளைக்குள், டென்டுக்குத் தூரத்தில். பாத்திரத்தை அன்றைக்கே கழுவுங்கள்.

இருட்டும் தண்ணீரும்

தோப்பில் யானை வந்தால் என்ன செய்வது என்பதைப் பகலிலேயே பேசிவையுங்கள்: பக்கத்தில் எந்தக் கட்டிடம் கான்கிரீட், அதன் சாவி யாரிடம். சத்தம் கேட்டால் டார்ச் அடித்துத் தேடாமல், போனைத் தூக்காமல், கம்மென்று எல்லாரும் அங்கே போய்விட வேண்டும். காருக்குள் ஒளிவது பாதுகாப்பு இல்லை. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சாலையோரச் சிவப்பு விளக்காலும் அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யானை இருக்கிறது என்று பொருள், போட்டோ எடுக்க இறங்குவதற்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சிறுத்தையும் உண்டு. பொழுது இறங்கியபின் சின்னப் பிள்ளைகள் தேயிலைப் புதரோரம் தனியாகப் போகக்கூடாது, கழிப்பறைக்குக்கூடப் பெரியவர் ஒருவர் கூடவே.

தேக்கத்தில் குளிப்பது வேண்டவே வேண்டாம். பரம்பிக்குளத்திலும் அமராவதியிலும் முதலை இருக்கிறது. முதலை இல்லாத தேக்கத்திலும் கரை ஏமாற்றும். அணை கட்டும் முன் அது பள்ளத்தாக்கு. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் அடுத்த அடியில் பழைய ஓடைக்குள் இறங்கிவிடுவார். அடியில் வண்டல் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். மின்நிலையத்தில் தண்ணீர் விட்டாலோ மதகு திறந்தாலோ கீழே இருக்கும் ஆறு நிமிடங்களில் ஏறும். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் ஒன்று உடைந்து, ஆற்றோரம் யாரும் நிற்க வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அருவிகளிலும் இதே கதைதான். திருமூர்த்தி மலையில் கீழே வெயில் அடிக்கும், மேலே பெய்த மழை பஞ்சலிங்க அருவி வழியாக இறங்கி அமணலிங்கேஸ்வரர் கோயிலையே சூழ்ந்துகொள்ளும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அந்த நொடியே மேடேறிவிட வேண்டும். செருப்பை எடுக்கத் திரும்பாதீர்கள். பரிசலிலும் படகிலும் பிள்ளைக்குத் தரும் மிதவைச் சட்டை தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் அது பெரிய அளவு, சின்னதாகக் கேட்டு வாங்குங்கள்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு மரச்சட்டத்தோடு தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு. அடிவாரத்திலிருந்து பொள்ளாச்சி, வால்பாறை மலையில் இருந்தால் வால்பாறை. 108-க்குக் கூப்பிட எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்பதை வந்த அன்றே விசாரித்துவிடுங்கள்.

அட்டைக்கு முழங்கால்வரை இறுக்கமாக நெய்த அட்டைக்காலுறை ஒன்றே சரியான பதில். தேங்காய் எண்ணெயில் குழைத்த மூக்குப்பொடியைப் பூட்ஸில் தடவுவதும் பலன் தரும், மழையில் கழுவிப்போகும் வரை. ஒட்டியதை உப்புப் போட்டு உதிர்த்தால் அது கக்கிவிட்டு விழும். நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாக வரும். ரத்தம் அரை மணிக்கு மேலும் கசியும், பயப்பட ஒன்றுமில்லை, அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. வெயில் காலத்தில் அட்டை இருக்காது, உண்ணி இருக்கும்.

வீடு திரும்பிய அன்றே இரண்டு வேலை. டென்டை மாடியில் பிரித்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து, துணியின் உள்பூச்சு பிசுபிசுவென்று உரிந்துவரும். அது திரும்பச் சரியாகாது. அடுத்து, எல்லாரும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக்கூடாது. அடுத்த மூன்று வாரத்துக்குள் யாருக்காவது விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்பில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் "காட்டோரம் தங்கிட்டு வந்தோமுங்க" என்று முதலில் சொல்லுங்கள். புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு விலை மலிவான மாத்திரை இருக்கிறது. அந்தப் பக்கம் போனது தெரியாவிட்டால் டெங்குவா, டைஃபாய்டா என்று பரிசோதித்துக்கொண்டே நாள் போய்விடும்.